தென்காசிக்கு எதற்கு உயரக் கிடங்கு?

தானியங்கி உயரக் கிடங்கு விற்க வருகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது இடக் கணக்கைத்தான். 100 சதுர மீட்டரில் ராக்குகளும் நடைபாதையுமாகப் பரந்து கிடக்கும் ஸ்டோரை 10, 15 சதுர மீட்டரில் நிற்கும் ஓர் இரும்புக் கூண்டுக்குள் அடக்கிவிடலாம், தரையில் 85, 90 சதவீதம் மிச்சம் என்பார்கள். கணக்கில் பொய்யில்லை. சதுர அடிக்கு வாடகை எண்ணும், சென்னையை அடுத்த ஒரகடத்திலோ, மும்பையை அடுத்த பிவண்டியிலோ அந்த ஒரு கணக்கே கருவியின் விலைக்கு ஈடுகட்டிவிடலாம். தென்காசியில் அது எடுபடாது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் சாலைகளில் இன்னொரு ஷெட் போட இடம் கிடைக்கிறது. அந்த இடத்தின் வாடகை, சில பத்து லட்சம் ரூபாய் விலையுள்ள கருவியோடு போட்டி போடும் அளவுக்கு இன்னும் ஏறவில்லை. ஆகவே இதெல்லாம் பெருநகரத்துக்குத்தான், நமக்கில்லை என்று முடிவு கட்டுவது எளிது. அந்த முடிவு அவசரமானது என்று நினைக்கிறேன். இடத்தைச் சற்று மறந்துவிட்டு வேறு மூன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: வேண்டிய பொருள் தேடாமல் கைக்கு வருகிறதா, ஏட்டில் உள்ளது அலமாரியிலும் இருக்கிறதா, இருக்கிற பொருள் ஈரத்தில் கெடாமல் இருக்கிறதா? இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்தால், தென்காசி மாவட்டத்தில் பலருக்கு இந்தக் கருவி வேண்டவே வேண்டாம் என்பது தெரியும். சிலருக்கு, சென்னையில் இருப்பவரைக் காட்டிலும் இது அவசியம் என்பதும் தெரியும்.

உயரத்தில் சேமிப்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில், திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்லப்படும் செங்கல் கட்டடம் அது. நெல் தானாகச் சரிந்து இறங்கும் பொருள் என்பதால் புவியீர்ப்பே அங்கே இயந்திரம். பெட்டி பெட்டியாக, வகை வகையாக இருக்கும் பொருளுக்கு அது போதாது. எடுத்து வைக்கவும் கொண்டுவரவும் ஒரு கை வேண்டும். அந்தக் கையை இயந்திரமாக்கிய பெரிய கிடங்கு 1962இல் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டெல்ஸ்மன் பதிப்பகத்துக்காகக் கட்டப்பட்டது. இன்று சிறு, நடுத்தர நிறுவனங்கள் வாங்கக்கூடிய அளவில் இரண்டு வகைகள் சந்தையில் முன்னிற்கின்றன. ஒன்று வெர்ட்டிகல் கரூசல்: திருவிழா ராட்டினம்போலத் தட்டுகள் சங்கிலியில் மேலும் கீழும் சுற்றிவரும், வேண்டிய தட்டு வாசலுக்கு வந்ததும் நிற்கும். மற்றது வெர்ட்டிகல் லிஃப்ட்: முன்னும் பின்னும் இரண்டு வரிசையாகத் தட்டுகள் அடுக்கியிருக்க, நடுவே ஒரு லிஃப்ட் ஏறி இறங்கி, கேட்ட தட்டை மட்டும் உருவிக்கொண்டு வந்து இடுப்பு உயரத்தில் நீட்டும். திரும்ப உள்ளே போகும்போது தட்டின் மேலுள்ள பொருளின் உயரத்தை உணரிகள் அளந்து, அதற்குப் போதுமான இடைவெளியில் மட்டுமே செருகும். கார்டெக்ஸ், ஹேனல், மோடுலா போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. கோயம்புத்தூரின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷனும் இந்தத் துறையில் இருக்கிறது.

யாருக்கு இது வேண்டாம் என்பதை முதலில் பேசிவிடலாம். தென்காசி மாவட்டத்தின் பெரும் சரக்கு விளைபொருள்தான். கார், பிசானப் பருவங்களின் நெல்லை மூட்டை மூட்டையாகத் தட்டில் ஏற்றி இறக்குவதில் பொருளே இல்லை. ஒரே பொருள், மொத்தமாக வருகிறது, மொத்தமாகப் போகிறது. தானியத்துக்கு உயரம் வேண்டுமென்றால் அது எஃகுக் குதிர்களாக இருக்க வேண்டும். இந்திய உணவுக் கழகத்தின் கோதுமைக்காகச் சென்னைக்கு அருகிலும் கோவையிலும் தலா 25,000 டன் கொள்ளும் குதிர்கள் இயங்குகின்றன. புளியங்குடி எலுமிச்சைக்கும் இந்தக் கருவி உதவாது. எலுமிச்சையை ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி குளிரில், காற்றில் ஈரம் குறையாமல் வைத்தால் சில வாரம் தாங்கும். அதற்கு வேண்டியது குளிர்பதன அறையும் சரியான கூடைகளும். பாவூர்சத்திரம் சந்தையில் இறங்கும் காய்கறி பெரும்பாலும் லாரி மாறிக் கேரளத்துக்குப் போகிறது. அங்கே சேமிப்பைவிட வேகமாக ஏற்றி அனுப்பும் மேடைதான் பஞ்சம். செங்கோட்டை மரவாடிகளின் நீளத் தடிகளுக்குக் கை நீட்டிய ராக்கும் ஓர் ஓவர்ஹெட் கிரேனும் போதும். இவர்களில் யாராவது உயரக் கிடங்குக்கு விலை கேட்டால், நேர்மையான விற்பனையாளர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

வேண்டியவர்கள் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவை ஒட்டிய கணவாய் தென்காசிக்கு இரண்டைக் கொடுத்திருக்கிறது: குற்றாலத்துச் சாரல், சமவெளியின் காற்று. அந்தக் காற்றை நம்பிச் சுரண்டை, ஊத்துமலை, சங்கரன்கோவில் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. கிழக்கே கயத்தாறில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது; ஆனால் ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரையிலான சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் ஒரு காற்றாலை நின்றால் நஷ்டம் எவ்வளவு என்பது வாய்க்கணக்கு. முழுக் காற்றில் 250 கிலோவாட் இயந்திரம் 10 மணி நேரம் நின்றால் 2,500 யூனிட் போச்சு. 2 மெகாவாட் இயந்திரம் என்றால் 20,000 யூனிட். நிற்கக் காரணம் பல சமயம் மிகச் சிறியதாக இருக்கும்: ஒரு வேக உணரி, ஒரு கார்பன் பிரஷ், ஒரு ஹைட்ராலிக் சீல், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு எலெக்ட்ரானிக் கார்டு. அந்தப் பொருள் ஸ்டோரில் இருந்தும் கண்ணில் படவில்லை என்றால் அதை நஷ்டம் என்று சொல்வதற்குக்கூட மனம் வராது. வீண் என்றுதான் சொல்ல வேண்டும்.

காற்றாலை உதிரிப் பாக ஸ்டோர்களின் உள்ளே சற்று உற்றுப் பார்த்தால் சிக்கல் புரியும். 1990களில் நட்ட சிறிய இயந்திரமும் போன வருடம் நட்ட பெரிய இயந்திரமும் பக்கத்துப் பக்கத்து வயலில் சுற்றுகின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரித் தோன்றும் பேரிங்குகள், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில். தயாரித்த நிறுவனமே மூடப்பட்டுவிட்ட மாடல்களுக்குப் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றி எடுத்து வைத்த பாகங்கள், பழுது பார்க்க அனுப்பித் திரும்பி வந்தவை, பழுது பார்க்க அனுப்ப வேண்டியவை. எல்லாம் ஒரே நிற எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரே ராக்கில் இருக்கும். எது எங்கே என்பது ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போனால் யாருக்கும் தெரியாது. லிஃப்ட் வகைக் கருவியில் பொருளின் எண்ணைத் தட்டினால் அந்தத் தட்டு வந்து நிற்கிறது. தட்டின் எந்த அறையில் கை வைக்க வேண்டும் என்பதை விளக்கோ லேசர் புள்ளியோ காட்டுகிறது. எடுத்த எண்ணிக்கையை உறுதி செய்த பிறகே தட்டு உள்ளே போகும். யார், எப்போது, எத்தனை எடுத்தார் என்பது அந்த நொடியிலேயே பதிவாகிறது. ஒருவர் தலைக்குள் இருந்த கிடங்கு வரைபடம் நிறுவனத்தின் சொத்தாகிறது. இடம் மிச்சமாவதைவிட இதன் மதிப்பு பல மடங்கு பெரிது.

அடுத்தது ஈரம். இங்கேதான் தென்காசியின் நிலை மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. காற்றாலையைச் சுழற்றும் அதே தென்மேற்குக் காற்றுதான் கணவாய் வழியாகச் சாரலையும் கொண்டு வருகிறது. உதிரிப் பாகம் அதிகம் தேவைப்படும் மாதங்களும் அது சீக்கிரம் துருப்பிடிக்கும் மாதங்களும் ஒன்றே. குற்றாலம், மேலகரம், செங்கோட்டைப் பக்கத்தில் ஜூன், ஜூலையில் தகர ஷெட்டுக்குள் வைத்த பேரிங் உறையைப் பிரித்தால் ஓரத்தில் செம்மை படிந்திருக்கும். கார்டுகளின் முனைகளில் பச்சை பூக்கும். 200 சதுர மீட்டர் பரப்பும் 5 மீட்டர் உயரமும் உள்ள ஷெட்டில் 1,000 கன மீட்டர் காற்று இருக்கிறது. திறந்து மூடும் கதவுகளோடு அதை உலர வைப்பது நடக்காத காரியம். 10 சதுர மீட்டர் பரப்பில் 8 மீட்டர் உயரம் நிற்கும் கூண்டுக்குள் இருப்பது 80 கன மீட்டர்தான். அதை ஈரம் நீக்கும் சிறு கருவியால் கட்டுக்குள் வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சாதாரணக் கூண்டு காற்றுப் புகாதது அல்ல. கதவு இடைவெளிகளுக்கு அடைப்பு, உள்ளே ஈரப்பத அளவி, ஈரம் நீக்கி ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சென்னை ஆலைக்குக் கொடுத்த அதே விலைப்பட்டியலை இங்கேயும் கொடுத்தால், இந்த வரி அதில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

இதற்கெல்லாம் கருவி எதற்கு, பார்கோடும் ஒழுங்கான ராக்கும் இருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகள் மூலம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் முறை, பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றும் முன்மாதிரியானது. அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது உயரமான இயந்திரமா என்றால், இல்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், கணினியில் இருப்புக் கணக்கு, வாங்கிய ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துத் தரச் சோதனை என்ற ஒழுங்குதான் அதைச் செய்தது. ஆகவே ஒழுங்கில்லாத ஸ்டோருக்குக் கருவி வாங்கினால் ஒழுங்கின்மை இரும்புக் கூண்டுக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். என் பதில் இது: முதலில் பார்கோடு ஒட்டுங்கள், ஆறு மாதம் ஒவ்வொரு எடுப்பையும் பதிவு செய்யுங்கள். எவை தினமும் போகின்றன, எவை வருடம் ஒருமுறை, எவை அசையவே இல்லை என்பது தெரிந்துவிடும். அசையாதவற்றை விற்றோ ஒதுக்கியோ கழித்த பிறகு மிஞ்சுவது 300 வகை என்றால் ராக்கே போதும், கருவி வேண்டாம். மிஞ்சுவது 3,000 வகை, சிறியவை, விலை கூடியவை, ஈரம் ஆகாதவை, இரவு 2 மணிக்கும் தேவைப்படக்கூடியவை என்றால் அப்போது பார்கோடு மட்டும் காப்பாற்றாது. பார்கோடு பொருள் இருக்கவேண்டிய இடத்தைச் சொல்லும். அவசரத்தில் யாரோ வேறு தட்டில் வைத்துவிட்டுப் போவதைத் தடுக்காது. நடையும் இருக்கிறது: ஆர்டர் எடுப்பவரின் நேரத்தில் பாதியளவு நடப்பதிலேயே போகிறது என்பது கிடங்கு மேலாண்மைப் பாடநூல்களின் பழைய பாடம். நாளுக்கு 60 எடுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் மிச்சம் என்றால் மூன்று மணி நேரம். கீழே இரண்டு மெக்கானிக்குகள் வண்டியோடு காத்து நிற்கும் மூன்று மணி நேரம் அது.

இரண்டாவது மறுப்பு: கரண்ட் போனால் எல்லாப் பொருளும் உள்ளே மாட்டிக்கொள்ளுமே, ரிப்பேர் என்றால் கோவையிலிருந்து ஆள் வர வேண்டுமே. பயம் நியாயமானது. கரூசல் வகையில் பல மாடல்களைக் கைப்பிடியால் சுற்றித் தட்டைக் கீழே கொண்டுவர முடியும். லிஃப்ட் வகையில் அது அவ்வளவு எளிதல்ல. ஆனால் ஒரு கருவி இழுக்கும் மின்சாரம் சில கிலோவாட்டுக்குள்தான். ஒரு சிறிய ஜெனரேட்டரும், கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரு யுபிஎஸ்ஸும், மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்து லைனுக்கு ஒரு ஸ்டெபிலைசரும் போதும். சர்வீஸ்தான் உண்மையான கேள்வி. திருநெல்வேலி 55 கிலோமீட்டர், மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆள் அந்த இரண்டு ஊர்களில் எங்காவது இருக்கிறாரா, பெல்ட், உணரி, மோட்டார் டிரைவ் போன்ற தேயும் பாகங்கள் ஒரு செட் நம்மிடமே இருக்குமா என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 10 சதவீதம் விலை குறைவாகக் கொடுக்கும் தூரத்து நிறுவனத்தைவிட, நான்கு மணி நேரத்தில் ஆள் அனுப்பும் நிறுவனம் மலிவு. இந்த ஊரில் தொழில்நுட்பம் தெரிந்த ஆள் கிடைக்காது என்ற பழைய பல்லவியை மட்டும் ஏற்க முடியவில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்து, உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை இங்கிருந்தே எழுத முடியும் என்று காட்டிவிட்டது. ஐடிஐ எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கும் பாலிடெக்னிக் முடித்த ஒருவருக்கும் தயாரிப்பாளரிடமே பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினால், பாதிக் கோளாறுகள் வெளியாள் வருவதற்குள் சரியாகிவிடும்.

மூன்றாவது மறுப்பை யாரும் எளிதில் எழுப்புவதில்லை, ஆனால் கருவியைக் கவிழ்ப்பது அதுதான்: தரை. தட்டுக்கு 500 கிலோ வீதம் 40 தட்டு ஏற்றினால் 20 டன். கருவியின் சொந்த எடை 5 டன் என்று வைத்துக்கொண்டால் 25 டன் எடை 10 சதுர மீட்டரில் இறங்குகிறது; சதுர மீட்டருக்கு இரண்டரை டன். பழைய குடோனின் சிமெண்ட் தளம் இதற்காகப் போட்டதல்ல. மலையடிவாரத்துச் செம்மண்ணில் ஓரளவு சமாளிக்கலாம். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண். 8 மீட்டர் உயரத்தில் லிஃப்ட் நேராக ஓட, அடியில் சில மில்லிமீட்டர் சரிவுகூட ஆகாது. மண் பரிசோதனை செய்து தனி அஸ்திவாரம் போடும் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைவில் வைத்தால், மேடை உயரமும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியின் உயரமும் அற்பமான கேள்விகள் இல்லை. எண்ணெய், கிரீஸ் டின்களை இந்தக் கூண்டுக்குள் ஏற்றக்கூடாது. உயரத்தில் தீப்பிடித்தால் கை எட்டாது. கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் போன்ற பெரியவை எப்படியும் தரையில், கிரேனுக்குக் கீழேதான் இருக்கும்.

இரண்டு வகைகளில் எதை எடுப்பது என்றால், ஒரே உயரப் பெட்டிகளில் அடங்கும் மருந்து, கோப்பு, சிறு மின்பொருள் என்றால் கரூசல் மலிவும் எளிதும். எடையைச் சுற்றுமுழுக்கச் சமமாகப் பரப்பி வைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரு பக்கம் பேரிங், ஒரு பக்கம் பஞ்சு என்று ஏற்றினால் மோட்டார் திணறும். காற்றாலை ஸ்டோர்களுக்கு லிஃப்ட் வகையே பொருந்தும் என்று துணிந்து சொல்வேன். காரணம் இன்றைய சரக்கில் மட்டும் இல்லை. பழைய காற்றாலைகளைக் கழற்றிப் புதியவை நடவும், புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகளில் ஸ்டோரில் உள்ள பாகங்களின் அளவும் வகையும் தலைகீழாக மாறும். உயரத்தை அளந்து இடம் ஒதுக்கும் கருவி அதற்கு ஈடுகொடுக்கும். வேகத்தில் மயங்க வேண்டியதில்லை. ஒரு தட்டு வந்து சேர ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கும். மணிக்கு நூற்றுக்கணக்கான எடுப்பு உள்ள ஆன்லைன் விற்பனைக் கிடங்குக்கு ஒற்றைக் கருவி வாசலில் வரிசையைத்தான் உண்டாக்கும். நாளுக்கு 60, 100 எடுப்புக்கு அது தாராளம். மென்பொருளில் ஒரு நிபந்தனை: இருப்புப் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் முழுதாக நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். கருவி நின்றுபோன நாளில் எந்தத் தட்டில் எது என்று தெரிய அதுவே வழி.

வேலை போய்விடும் என்ற கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். வேலை அருகிய மாவட்டத்தில் அது லேசான கவலை இல்லை. ஆலங்குளம், கடையம் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றியே குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளம். 20 கிலோ பாகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கும் வேலை என்பதால் ஸ்டோர் வேலை ஆண்களுக்கே என்று ஒதுங்கிக் கிடக்கிறது. தட்டு இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும்போது அந்தத் தடை விலகுகிறது. பாகத்தின் எண்ணைப் படிக்கவும், சோதித்து வாங்கவும், கணக்கு வைக்கவும் தெரிந்த டிப்ளமோ படித்த பெண்ணுக்கு அது தன் ஊரிலேயே கிடைக்கும் நல்ல வேலை. தூக்கி இறக்கும் ஆள் ஒருவர் குறையலாம். அவரை அனுப்பிவிடாமல் வண்டியில் பாகம் கொண்டுசெல்லும் வேலைக்கு மாற்றுவது முதலாளியின் கையில் இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றே சொல்வேன்.

கடைசியாகக் காலம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நம் சொந்தப் பாகங்களில் கனமானதையும் கோணல்மாணலானதையும் கொண்டுபோய்த் தயாரிப்பாளரின் ஆலையிலேயே ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். விற்பனையாளரின் அட்டைப் பெட்டிகளால் எதுவும் நிரூபணமாகாது. பணத்தில் ஒரு பங்கை ஒரு காற்றுப் பருவம் முழுக்க ஓடிய பிறகே தருவதாக எழுதிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் அஸ்திவாரம் போட்டு, மார்ச்சில் கருவியை நிறுத்தி, ஏப்ரலில் சரக்கை எண்ணி ஏற்றி முடித்தால், மே மாதக் காற்றுக்கு முன் ஆட்களுக்குக் கை பழகிவிடும். ஜூனில் கருவி இறக்கக் கேட்கும் விற்பனையாளரை அடுத்த ஜனவரிக்கு வரச் சொல்லிவிடலாம்.